பாரிசவாதத்தில் பிழைத்தவர் முற்றத்தில் வீழலாமா?

பாரிசவாதம் கண்ட ஒருவர் உயிர் பிழைத்து வீடு திரும்பியதும், பெரிய கண்டமொன்றைத் தாண்டிவிட்டோம் என்று குடும்பத்தினர் ஆறுதல் அடைவது இயல்பே. ஆனால், அந்த ஆறுதலின் பின்னால் மற்றுமோர் ஆபத்துக் காத்திருப்பதை எம்மில் பலர் உணர்வதில்லை. வைத்தியசாலைக் கட்டிலிலிருந்து இறங்கி வந்தவர், சில வாரங்களிலோ சில மாதங்களிலோ கிணற்றடியில், மலசலகூட வாசலில், அல்லது தமது படுக்கையின் அருகிலேயே வீழ்ந்து, தொடையெலும்பை முறித்துக்கொண்டு அதே வைத்தியசாலைக்கு மீண்டும் கொண்டு செல்லப்படுகின்றார். முதற் தடவை திரும்பி வந்தது போல் இரண்டாவது தடவையும் அவர் திரும்பி வருவார் என்று சொல்வதற்கில்லை. இடுப்பருகே தொடையெலும்பு முறிந்த முதியோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் உயிரிழப்பதைப் பல நாடுகளின் அனுபவம் காட்டுகின்றது. எஞ்சியோரிலும் பலர் முன்பு போல் தாமாக நடமாடுவதில்லை.

இந்த ஆபத்து நாடெங்கும் உள்ளதாயினும், உச்சமுனை போன்ற ஓரிடத்தில் அதன் கனதி பன்மடங்காகின்றது. புத்தளம் மாவட்டத்தில் கற்பிட்டிக்கு அப்பால் கடலும் களப்பும் சூழ அமைந்துள்ள ஒடுங்கிய மணல் நிலம் அது. கற்பிட்டியைச் சூழவுள்ள 14 தீவுகளை மையமாகக் கொண்ட சுற்றுலா அபிவிருத்தித் திட்டம் பற்றிப் பேசப்படும் வேளைகளில் மட்டுமே அதன் பெயர் வெளியுலகின் காதில் விழுகின்றது. அங்கு வாழும் கடற்றொழிலாளர் குடும்பமொன்றில் ஒருவருக்குக் கால் எலும்பு முறிந்தால், அவரை மணலில் தூக்கிச் சென்று, படகில் ஏற்றி, களப்பைக் கடந்து கற்பிட்டிக் கரையில் இறக்கி, பின்னர் பாலாவியூடாகப் புத்தளத்துக்கோ, அதற்கும் அப்பால் சிலாபத்துக்கோ கொண்டு செல்ல வேண்டும். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கப்படும் சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவை 2016 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, பின்னர் நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டமை பாராட்டத்தக்கதே. ஆயினும் அந்த வாகனம் கரை வரைதான் வரும். கரைக்கு அப்பால் நோயாளியின் விதி படகோட்டியின் கையிலும் காற்றின் போக்கிலுமே தங்கியுள்ளது. முறிந்த எலும்போடு படகில் செல்லும் ஒருவருக்கு ஒவ்வோர் அலையும் ஒரு வேதனையே. ஆகவே, இத்தகைய இடங்களில் வாழ்வோருக்கு வீழ்ந்த பின்னர் அளிக்கும் சிகிச்சையிலும் பார்க்க, வீழாமற் காப்பதே முதன்மையானது.

பாரிசவாதம் கண்டவர் ஏன் எளிதில் வீழ்கின்றார், வீழ்ந்தால் ஏன் எளிதில் முறிகின்றார் என்ற இரண்டு கேள்விகளையும் தனித்தனியே நோக்குதல் நன்று.

முதலில் வீழ்ச்சி. மூளையின் ஒரு பகுதிக்குக் குருதி செல்வது தடைப்படுவதாலோ, குருதிக் கலன் வெடிப்பதாலோ ஏற்படும் பாதிப்பு, உடலின் மறு பக்கத்துக் கை கால்களைச் சோர வைக்கின்றது. பாதத்தை உயர்த்தும் தசை வலுவிழப்பதால் கால்விரல்கள் நிலத்தில் இழுபடுகின்றன. ஒரு சிறு கயிற்றுத் துண்டோ, பாயின் ஓரமோ, தாழ்வான வாசற்படியோ போதும், கால் தடுக்கிவிடும். உடல் ஒருபுறம் சரியும்போது நொடிப் பொழுதில் மறு காலை எடுத்து வைத்துச் சமாளிக்கும் திறனும் தாமதமாகிவிடுகின்றது. சிலருக்குப் பார்வையின் ஒரு பாதி மறைந்துவிடும். வேறு சிலர், குறிப்பாக மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டோர், தமக்கு இடப்புறம் என்று ஒன்று இருப்பதையே மறந்தவர்கள் போல் அந்தப் பக்கத்துக் கதவிலும் தூணிலும் மோதிக்கொள்வர். இவற்றுடன் குருதியழுத்தத்துக்கான மருந்துகளால் எழும்போது ஏற்படும் தலைச்சுற்றலும், தூக்க மாத்திரைகளால் வரும் மயக்கமும் சேர்ந்துகொள்கின்றன. பிரித்தானியாவில் 1995 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், பாரிசவாதச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய 108 பேரில் 73 சதவீதமானோர் ஆறு மாதங்களுக்குள் ஒரு தடவையேனும் வீழ்ந்திருந்தமை கண்டறியப்பட்டது. வீழ்ச்சி என்பது யாரோ ஒரு சிலரின் கவனயீனம் அன்று, இந்நோயோடு கூடவே வரும் ஒன்று என்பது இதனால் புலனாகின்றது.

அடுத்தது முறிவு. எலும்பு என்பது ஒரு தடவை கட்டி முடித்த சுவர் போன்றதன்று. நாள்தோறும் கரைந்தும் வளர்ந்தும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் உயிருள்ள பொருள் அது. எங்கு பாரம் விழுகின்றதோ அங்கு அது உறுதி பெறும். பாரம் நீங்கிய இடத்தில் மெலியும். விண்வெளியில் மாதக்கணக்கில் மிதந்து திரும்புவோரின் எலும்புகள் மெலிவது இக்காரணத்தாலேயே. பாரிசவாதம் கண்டவர் தமது பாரம் முழுவதையும் நல்ல காலில் சுமந்து, சோர்ந்த காலைச் சும்மா வைத்திருக்கும்போது அந்தக் காலுக்கும் இதுவே நேர்கின்றது. நோர்வேயில் மேற்கொள்ளப்பட்டு 2000 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றின்படி, சக்கர நாற்காலியிலேயே தங்கிவிட்டவர்கள் முதல் ஓராண்டில் சோர்ந்த பக்கத்துத் தொடையெலும்பின் கழுத்துப் பகுதியில் ஏறத்தாழ 10 சதவீத எலும்பு அடர்த்தியை இழந்திருந்தனர். தொடக்கத்திலிருந்தே நடமாடியோரின் இழப்பு 3 சதவீத அளவிலேயே இருந்தது. இழப்பு முழுமையாக நிற்கவில்லையாயினும், நடந்தவருக்கும் நடவாதவருக்கும் இடையிலான வேறுபாடு தெளிவானது.

இனி இவ்விரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பாரிசவாதம் கண்டவர் பெரும்பாலும் சோர்ந்த பக்கமாகவே சரிகின்றார். வீழும்போது ஊன்றித் தடுக்க வேண்டிய கையும் அந்தப் பக்கத்துக் கையே, அது எழுவதில்லை. ஆகவே உடலின் முழுப் பாரமும் இடுப்பின் பக்கவாட்டில், ஏற்கெனவே மெலிந்துபோன அதே எலும்பின் மீது இறங்குகின்றது. சுவீடனின் உமியோ நகரில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகள், பாரிசவாதம் கண்டோருக்கு இடுப்பருகே எலும்பு முறியும் ஆபத்து ஏனையோரைவிட 2 முதல் 4 மடங்கு வரை அதிகம் என்பதையும், அம்முறிவுகளில் பெரும்பாலானவை சோர்ந்த பக்கத்திலேயே ஏற்படுகின்றன என்பதையும் காட்டியுள்ளன.

இதற்கு மாத்திரை ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எண்ணாதவர் இலர். அப்படி ஒரு மாத்திரை இருப்பதாக உலகமே சில காலம் நம்பியும் இருந்தது. போலிக் அமிலத்தையும் விற்றமின் பி12 இன் ஒரு வகையையும் கொடுத்தால் பாரிசவாதம் கண்டோரின் இடுப்பு முறிவுகள் ஐந்தில் நான்கு பங்கு குறையும் என்று ஜப்பானிய மருத்துவர் யொஷிஹிரோ சாட்டோ 2005 ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் எழுதினார். நியூசிலாந்தையும் பிரித்தானியாவையும் சேர்ந்த ஆய்வாளர்கள் அவரது கட்டுரைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அவற்றின் எண்கள் நம்பத்தகாதவை என்பதை எடுத்துக்காட்டினர். இறுதியில் அந்தக் கட்டுரை 2016 ஆம் ஆண்டு மீளப்பெறப்பட்டது. அவரது வேறு பல கட்டுரைகளும் அவ்வாறே மீளப்பெறப்பட்டன. மருந்தே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. குறைபாடு உள்ளவர்களுக்கு விற்றமின்களும், எலும்பு மெலிந்தவர்களுக்கு அதற்கான மருந்துகளும் மருத்துவரின் ஆலோசனைப்படி தேவைப்படலாம். ஆனால், மாத்திரைக் குப்பியை மாத்திரம் நம்பிக் காலைச் சும்மா வைத்திருப்போர் ஏமாற்றமே அடைவர் என்பதற்கு இக்கதை ஒரு பாடமாகும்.

உடற்பயிற்சியின் நிலை வேறு. கனடாவின் வன்கூவர் நகரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஜனிஸ் எங் என்பவரின் தலைமையிலான குழுவினர், பாரிசவாதம் கண்டு ஓராண்டுக்கு மேலான 63 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2005 ஆம் ஆண்டு வெளியானது. ஒரு பிரிவினர் வாரத்தில் மூன்று நாட்கள், நாளுக்கு ஒரு மணித்தியாலம் வீதம் 19 வாரங்கள் கூட்டாகப் பயிற்சி செய்தனர். மூச்சு வாங்கும் அளவுக்கு நடத்தல், சமநிலை பேணுதல், காற்தசைகளை உரப்படுத்தல் ஆகியன அப்பயிற்சியில் அடங்கியிருந்தன. மற்றைய பிரிவினருக்கு அமர்ந்தபடி கைகளுக்கான பயிற்சி மட்டுமே அளிக்கப்பட்டது. முடிவில், காற்பயிற்சி செய்தோரின் நடையும் கால் வலுவும் முன்னேறியிருந்தன. அத்துடன், சோர்ந்த காலின் தொடையெலும்புக் கழுத்து அவர்களில் மெலியாது நின்றது. மற்றவர்களில் அது மெலிந்திருந்தது. நோய் கண்டு ஓராண்டு கடந்தால் இனி முன்னேற்றமே இல்லை என்று கைவிடும் வழக்கத்துக்கு இந்த ஆய்வு தக்க மறுமொழியாகும்.

அதே குழுவினரின் மற்றோர் ஆய்வும் கவனிக்கத்தக்கது. 61 பேரை இரு பிரிவாக்கி 10 வாரங்கள் பயிற்சி அளித்தனர். ஒரு பிரிவினர் மெதுவான நீட்டற் பயிற்சிகளையும், மற்றவர்கள் தடைகளைத் தாண்டுதல், பக்கவாட்டில் நடத்தல், விரைந்து எழுதல் போன்ற சுறுசுறுப்பான பயிற்சிகளையும் செய்தனர். பின்னர் அவர்கள் நின்ற தளத்தைத் திடீரென நகர்த்திப் பார்த்தபோது, சுறுசுறுப்பாகப் பயின்றோரே விரைந்து சமாளித்தனர். அவர்களே குறைவாக வீழ்ந்தனர். படகில் நிற்பவர் அலைக்கு ஏற்பக் காலை மாற்றி வைக்கும் வித்தையும் இதுவே. கடற்றொழில் செய்து வளர்ந்த ஒருவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இழந்த வித்தையை மீண்டும் பழகச் சொன்னால் போதும்.

எனினும், உண்மையை உள்ளபடி கூறுவது எமது கடமை. இத்துறையில் நடந்த ஆய்வுகளை ஒருங்கே பரிசீலித்து 2019 ஆம் ஆண்டு வெளியான கொக்ரேன் மீளாய்வு, உடற்பயிற்சி வீழ்ச்சிகளின் எண்ணிக்கையைக் குறைக்கக்கூடும் என்றே கூறுகின்றது. ஆயினும் அதற்கான சான்றுகள் இன்னும் உறுதியாகவில்லை என்றும், வீழ்வோரின் தொகை குறைந்ததாகக் காணப்படவில்லை என்றும் அது குறிப்பிடுகின்றது. அதாவது, பயிற்சி செய்பவரும் ஒரு தடவை வீழலாம், ஆனால் அடிக்கடி வீழ்வது குறையக்கூடும் என்று இதனைக் கொள்ளலாம். நடை மட்டும் தேறி, சமநிலை தேறாதவர் முன்பைவிட அதிகம் நடமாடுவதால் அதிகம் வீழவும் இடமுண்டு. எனவேதான் நடைப் பயிற்சியோடு சமநிலைப் பயிற்சியும், வீட்டைச் சீர்செய்தலும், மருந்துகளை மீள்பரிசீலனை செய்தலும் ஒன்றுசேர வேண்டும் என்கின்றோம்.

அவ்வாறாயின் செய்ய வேண்டியது யாது? முதலாவதாக, எந்தப் பயிற்சியையும் மருத்துவரிடமோ இயன்மருத்துவரிடமோ கேட்டே தொடங்க வேண்டும். நோய் கண்ட முதல் நாளிலேயே நோயாளியை வலிந்து எழுப்பி நீண்ட நேரம் நடக்க வைப்பது நன்மையிலும் பார்க்கத் தீமையே தரலாம் என்பது 2015 இல் வெளியான பெரும் ஆய்வொன்றின் முடிவாகும். ஆபத்து நீங்கி, கைத்தடியுடனாவது 10 மீற்றர் தூரம் தாமாக நடக்கக்கூடியவர்களுக்கே கீழ்க்காணும் பயிற்சிகள் உரியன. அவற்றைச் செய்யும்போது சோர்ந்த பக்கத்தில் ஒருவர் துணையாக நிற்க வேண்டும்.

கைகளில்லாத உறுதியான கதிரை ஒன்றைச் சுவரோடு சேர்த்து வைத்து, அதிலிருந்து எழுந்து நின்று மெதுவாக அமர்தல் முதற் பயிற்சி. சோர்ந்த பாதத்தைச் சற்றுப் பின்னே இழுத்து வைத்துக்கொண்டால் பாரம் அந்தக் காலுக்கும் பகிரப்படும். ஐந்து தடவையில் தொடங்கிப் பத்து, பதினைந்து என உயர்த்தலாம். அடுத்து, மேசையையோ அரைச்சுவரையோ பிடித்தபடி நின்று, உடலின் பாரத்தைச் சோர்ந்த காலுக்கு மாற்றிப் பத்து வரை எண்ணுதல். பின்னர் இரு குதிகளையும் உயர்த்தி இறக்குதல். நின்ற இடத்தில் முழங்காலை உயர்த்தி மிதித்தல். சுவரோரமாகப் பக்கவாட்டில் நடந்து மீளல். ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை வைத்து நிற்றல். தாழ்ந்த படியொன்றில் ஏறி இறங்குதல். இவை இலகுவானதும், நிலத்தில் வைத்த கயிறொன்றைத் தாண்டுதல், திரும்பி நடத்தல், நடந்தபடியே பேசுதல் ஆகியவற்றைச் சேர்க்கலாம். யாராவது பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்திவிடும் முதியோரே அதிகம் வீழ்கின்றனர் என்பதை உமியோ ஆய்வாளர்கள் 1997 ஆம் ஆண்டிலேயே கண்டுள்ளனர். ஆகவே பேசிக்கொண்டு நடப்பதும் ஒரு பயிற்சியே. நெஞ்சு நோவு, கடும் மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே நிறுத்த வேண்டும்.

உச்சமுனை போன்ற மணற்பாங்கான இடங்களில் மற்றுமொரு கவனமும் அவசியம். தளர்ந்த மணலில் பாதம் புதைவதால் விரல் இழுபடுபவருக்கு அது கண்ணி போன்றது. முதலில் கெட்டித் தரையிலும், பின்னர் நீர் பட்டு இறுகிய கரையோர மணலிலும் பழகி, இறுதியிலேயே தளர்ந்த மணலுக்குச் செல்ல வேண்டும். தேய்ந்த இறப்பர்ச் செருப்பைத் தவிர்த்து, குதியைப் பிடித்துக்கொள்ளும் பாதணியை அணிதல் நன்று. நிலத்தைத் தொடும் சாரத்தையும் சேலையையும் கணுக்காலுக்கு மேலாக உயர்த்தி உடுத்துவதும் ஒரு பாதுகாப்பே. படுக்கையிலிருந்து மலசலகூடம் வரையிலான வழியில் இரவில் வெளிச்சம் இருக்க வேண்டும். கயிறோ மூங்கிலோ கொண்டாவது ஒரு கைப்பிடி அமைக்க வேண்டும். குந்தியிருக்கும் மலசலகூடத்தின் மேல் வைக்கக்கூடிய துளையிட்ட கதிரையைத் தச்சர் ஒருவர் எளிதில் செய்து கொடுப்பார்.

வணக்க வழிபாடுகளிலும் இது பொருந்தும். சுபஹ் தொழுகைக்காக இருளில் எழுந்து ஈரத் தரையில் வுழூச் செய்யும் வேளை, வழுக்கி வீழ்வதற்கு வாய்ப்புள்ள வேளையாகும். அமர்ந்தபடி வுழூச் செய்வதற்கு ஓர் இருக்கையும், காலடியில் வழுக்காத விரிப்பும் அமைப்பது எந்தப் பள்ளிவாசலுக்கும் பெரிய செலவன்று. நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழுவதற்கு மார்க்கம் இடமளித்திருக்க, வெட்கத்தினாலோ வைராக்கியத்தினாலோ தடுமாறி நிற்பது தேவையற்றது. நோன்பு காலத்தில் நீரிழப்பினால் எழும்போது குருதியழுத்தம் தாழக்கூடும் என்பதால், நோன்பு நோற்பது பற்றியும் மருந்து வேளைகள் பற்றியும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும். முழந்தாளிட்டுச் செபிக்கும் கத்தோலிக்க முதியோரும், கோயில் வீதியை வலம்வரும் இந்து முதியோரும் இவ்வாறே தமது இயலுமைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

இத்தனை எச்சரிக்கைக்குப் பின்னரும் ஒருவர் வீழ்ந்துவிட்டால், பதறிப்போய்ச் சோர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குதல் கூடாது; தோள் மூட்டு விலகிவிடும். ஒரு கால் குறுகியும் வெளிப்புறம் திரும்பியும் காணப்பட்டால், அல்லது இடுப்பில் கடும் வலி இருந்தால், எலும்பு முறிந்திருப்பதாகவே கருத வேண்டும். அதனை இழுத்து நேராக்கவோ, எண்ணெய் பூசி உருவவோ முற்படலாகாது. இரு கால்களுக்கும் இடையே தலையணை வைத்துத் தளர்வாகக் கட்டி, பலகையொன்றில் கிடத்தியே படகுக்குக் கொண்டு செல்ல வேண்டும். கரையில் காத்திருக்குமாறு 1990 சேவைக்கு முன்கூட்டியே அறிவிக்கவும் வேண்டும்.

இங்கு குடும்பத்தினருக்கு ஒன்று கூற விரும்புகின்றோம். எமது சமூகங்களில் நோயாளியைக் கட்டிலில் கிடத்தி, தண்ணீரையும் கையில் கொடுத்து, ஓர் அடியும் எடுத்து வைக்க விடாமற் பார்ப்பதே அன்பின் அடையாளமாகக் கருதப்படுகின்றது. மகன் கண்டிக்கின்றான், மருமகள் தடுக்கின்றாள், அயலார் மெச்சுகின்றனர். ஆனால், அந்த அன்பே தசையை வற்றச் செய்து, எலும்பைக் கரைத்து, முதன்முறை எழுந்து நிற்கும்போது அவரை வீழ்த்துகின்றது. வீழ்ந்த பயம் மீண்டும் படுக்கையில் கிடத்துகின்றது. கிடந்த பலவீனம் மீண்டும் வீழ்த்துகின்றது. இச்சுழற்சியை உடைக்கும் ஆற்றல் குடும்பத்தினரின் கையிலேயே உள்ளது. அருகில் நின்று நடக்க விடுவதே உண்மையான பராமரிப்பு. வீட்டுக்குள்ளேயே அடைபடும் பெண்கள் விடயத்தில் இது இருமடங்கு உண்மை. வெயில் படாத உடலில் எலும்புக்குத் தேவையான விற்றமின் டி குன்றுகின்றது. வேலி சூழ்ந்த முற்றத்திலாவது காலை வெயிலில் அவர்கள் நடமாட வழி செய்ய வேண்டும்.

அதிகாரிகளுக்கும் கடமை உண்டு. 2012 ஆம் ஆண்டு சனத்தொகைக் கணக்கெடுப்பில் 7.9 சதவீதமாக இருந்த 65 வயதைக் கடந்தோரின் பங்கு 2024 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 12.6 சதவீதமாக உயர்ந்துள்ளது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுக் கற்பிட்டிக் குடாநாட்டில் தஞ்சமடைந்த முஸ்லிம் மக்களில், அன்று முப்பது வயதில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தோர் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். அவர்களும், தலைமுறை தலைமுறையாக இக்கரையில் வாழும் தமிழ், சிங்கள, முஸ்லிம் கடற்றொழிலாளரும் ஒருசேர முதுமை எய்துகின்றனர். இராகமையிலுள்ள புனர்வாழ்வு வைத்தியசாலை போன்றவை ஆற்றும் பணி பெரிது. ஆனால், வாரத்துக்கு மூன்று நாட்கள் உச்சமுனையிலிருந்து இராகமைக்குச் செல்ல எவராலும் இயலாது.

பயிற்சியே அவர்களைத் தேடி வர வேண்டும். வன்கூவரில் பயன்பட்ட முறைக்கு விலையுயர்ந்த இயந்திரங்கள் தேவைப்படவில்லை. கதிரைகள், படிகள், ஒரு மண்டபம், பயிற்றப்பட்ட ஒருவர் ஆகியனவே அதன் அடிப்படைத் தேவைகள். கற்பிட்டி வைத்தியசாலையை மையமாகக் கொண்டு, இயன்மருத்துவர் ஒருவர் குறித்த நாட்களில் பள்ளிவாசல் மண்டபத்துக்கும் தேவாலய மண்டபத்துக்கும் தீவுப் பாடசாலைக்கும் சென்று, ஒவ்வோர் இடத்திலும் இரண்டு மூன்று தொண்டர்களைப் பயிற்றினால், எஞ்சிய நாட்களை ஊரவரே கொண்டு நடத்துவர். வைத்தியசாலையிலிருந்து நோயாளியை அனுப்பும்போது மருந்துச் சிட்டையுடன், அவரது தாய்மொழியில் படங்களோடு அச்சிட்ட பயிற்சித் தாள் ஒன்றையும் கொடுப்பது அமைச்சுக்கு அரிதான காரியமன்று. தமிழில் அத்தாள் இல்லாவிடின், சிங்களமோ ஆங்கிலமோ வாசிக்க இயலாத முதியவருக்குக் கிடைப்பது வெறும் காகிதமே.

சுற்றுலாப் பயணிகளுக்காக உச்சமுனைக் கரையில் இறங்குதுறைகளும் விடுதிகளும் திட்டமிடப்படும்போது, அக்கரையில் தடுமாறி நடக்கும் ஒரு முதியவர் பற்றிக்கொள்ள ஒரு கைப்பிடியும் திட்டத்தில் இடம்பெற வேண்டும் என்பதே எமது கோரிக்கை. இன்று எமது வீட்டிலோ அயல் வீட்டிலோ பாரிசவாதம் கண்டு கட்டிலில் இருப்பவர் எவராயினும், மருத்துவரிடம் அனுமதி பெற்று, உறுதியான கதிரை ஒன்றை அவருக்கு அருகில் வைத்து, சோர்ந்த பக்கத்தில் நின்று, ஒரு தடவை எழுந்து அமரச் செய்வோமாக. நாளை அது இரண்டு தடவையாகட்டும்.